ஷேல் ஷேக்கரில் சேறு வழிகிறது: சல்லடைக் கண்ணைப் பெரிதாக்கலாமா?

கேள்வி

வணக்கம். துளையிடும் ரிக் ஒன்றில் மட் பிரிவில், அதாவது துளைக்குள் சுற்றிவரும் சேற்றைக் கவனிக்கும் பிரிவில், பயிற்சி பெறுகிறேன். 12¼ அங்குலத் துளை களிப்பாறையைத் தாண்டி மணற்பாறைக்குள் நுழைந்ததிலிருந்து, திரும்பிவரும் சேற்றிலிருந்து பாறைத்துகளை அதிர்வால் சலித்தெடுக்கும் ஷேல் ஷேக்கரில், அதுவரை நன்றாக ஓடிய ஏபிஐ 140 சல்லடைகளின் (ஏபிஐ எண் கூடினால் கண் சிறிது) மேல் சேறு தேங்கி, பாறைத்துகளோடு சேர்ந்து விளிம்பில் வழிகிறது. பம்ப் வேகத்தை மாற்றவில்லை. ஏபிஐ 100 போட்டுவிடலாம் என்கிறார்கள். அது சரியா?

பதில் 1

தம்பி, முதலில் ஒரு சல்லடையைக் கழற்றிக் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கண்களில் மணல் சிக்கியிருந்தால், அது கண்ணின் அளவுக்கு ஏறக்குறைய ஒத்த மணல்: இன்னும் பெரியதாக இருந்தால் மேலேயே நகர்ந்து வெளியேறும், சிறியதாக இருந்தால் கீழே இறங்கிவிடும், இதுவோ பாதி நுழைந்து ஆப்புப் போல நின்றுவிடுகிறது. ஏபிஐ 140 பிரிக்கும் அளவு ஏறத்தாழ 98 முதல் 116 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு); ஏபிஐ 170 என்பது 82 முதல் 98 மைக்ரான். ஆகவே நுண்ணிய 170ஐப் போட்டால் அதே மணல் நுழைய முடியாமல் மேலேயே நகர்ந்துவிட வாய்ப்புண்டு. 100 போட்டால் வழிவது நிற்கலாம்; ஆனால் மணல் தொட்டிக்குள் இறங்கி பம்ப் லைனரை (பம்ப் சிலிண்டரின் உள்ளுறையை) அரிக்கும். புதிதாகக் கலந்த, இன்னும் சரியாகக் கரையாத பாலிமர் (சேற்றைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பொருள்) படலமாக ஒட்டியிருந்தால் மட்டும், அது கரையும்வரை பெரிய கண் பொருந்தும்.

பதில் 2

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். மோட்டார்களையும் பாருங்கள். நேர்கோட்டு அதிர்வு ஷேக்கரில் இரு மோட்டார்களும் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும். பராமரிப்புக்குப் பின் இணைப்பு மாறி, இரண்டும் ஒரே திசையில் சுழன்றால் துகள் முன்னே நகராது. வழிகிறதே என்று சல்லடைத் தளத்தைத் துகள் வெளியேறும் முனையில் அளவுக்கு மீறி உயர்த்தாதீர்கள். தேங்கிய சேற்றுக்குள் துகள்கள் உருண்டு உடைந்து, சல்லடை பிடிக்க முடியாத அளவுக்கு நுண்மையாகிவிடும். அந்த நுண்துகளைப் பின்னால் சென்ட்ரிஃபியூஜ் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) கொண்டு எடுப்பது கடினம்.

கேட்டவர்

நன்றி, ஐயா. கண்களில் மணல்தான் சிக்கியிருந்தது. மோட்டார்கள் சரியாகவே சுழல்கின்றன. ஒரு ஷேக்கரில் மட்டும் 170 போட்டோம். ஈரக்கோடு (சல்லடைமேல் சேறு முடிந்து துகள் மட்டும் தொடங்கும் இடம்) தளத்தின் முக்கால் பங்கில் நிற்கிறது. எங்கள் சேற்றில் பேரைட் (எடை கூட்டச் சேர்க்கும் கனிமப் பொடி) உண்டு. அதை 170 வெளியேற்றிவிடுமா?

பதில் 1

பெரிதாக இழக்கமாட்டீர்கள். ஏபிஐ தரப் பேரைட்டில் 75 மைக்ரானுக்கு மேற்பட்டது எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது; ஆகவே அதன் பெரும்பகுதி 170இன் கண் வழியே கீழே இறங்கிவிடும். மற்ற ஷேக்கர்களிலும் மாற்றிவிடுங்கள்.