ராத்திரி ஃப்ரிட்ஜை அணைப்பது யார்?

மளிகைக்காரன்: "மளிகைக் கடைக்காரர்கள் எல்லாரும் கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிடுகிறார்கள், அதனால்தான் தயிர் தேதிக்கு முன்பே புளிக்கிறது" என்று வெண்பா நேற்று எழுதியிருந்தார். எல்லாரும் என்று எந்தக் கணக்கில் சொல்கிறார்? அணைத்தால் நஷ்டம் எனக்குத்தான். பிரெட் தேதி முடிந்தால் கம்பெனி வண்டிக்காரர் மாற்றிக் கொடுப்பார். பால் பாக்கெட் திரிந்தால் எங்கள் ஏஜென்ட் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

வெண்பா: எங்கள் தெருக் கடையில் காலையில் ஷட்டர் தூக்கும்போது ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சாக்கோபார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிரித்தால் உள்ளே ஐஸ் துகள் நறநறக்கிறது. உருகி மறுபடி உறைந்தால்தான் அப்படி ஆகும். அணைக்கிறார்கள்.

மளிகைக்காரன்: அது பவர் கட்.

வெண்பா: அதே தெருவில் என் வீட்டில் மட்டும் கரண்ட் இருக்குமா?

லேப்காரர்: முதலில் எந்தத் தேதியைப் பேசுகிறீர்கள்? பெஸ்ட் பிஃபோர் என்பது தரத்துக்கான தேதி, தாண்டிய உடனே பொருள் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. எக்ஸ்பைரி தாண்டினால் விற்கவே கூடாது. அப்புறம், தயிரில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. 5 டிகிரிக்குள் வைத்தாலும் மெதுவாகப் புளிக்கும்.

மளிகைக்காரன்: கேட்டுக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே புளிக்குமாம்!

வெண்பா: மெதுவாக என்று எழுதியிருக்கிறாரே, அது கண்ணில் படவில்லையா? அணைத்தால் வேகமாகப் புளிக்கும்.

கோவைத்தம்பி: சூப்பர் மார்க்கெட் மட்டும் யோக்கியமா? பழைய சரக்கை முன்னால் தள்ளி, புதுசைப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள்.

மளிகைக்காரன்: தம்பி, அது ஒளிப்பது இல்லை. முதலில் வந்தது முதலில் போக வேண்டும், நானும் அப்படித்தான் அடுக்குகிறேன். நீங்கள் தோள் வரை கையை விட்டுக் கடைசி பாக்கெட்டை உருவுகிறீர்கள். முன்னால் இருப்பது தேதி முடிந்து குப்பைக்குப் போகிறது. அந்தக் காசை யார் தருவார்?

கோவைத்தம்பி: என் காசு, எனக்குப் புதுசு வேண்டும். போன மாதம் கடலை எண்ணெய் விவாதத்திலும் இப்படித்தான் வாடிக்கையாளர் மேல் பழி போட்டீர்கள்.

மளிகைக்காரன்: அதில் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள்.

லேப்காரர்: 2020 அக்டோபர் 1 முதல் உதிரியாக விற்கும் இனிப்புக்கும் பெஸ்ட் பிஃபோர் தேதி எழுதி வைக்க வேண்டும் என்பது விதி. எத்தனை கடையில் அந்த அட்டை இருக்கிறது? அதைப் பேசலாமே.

கோவைத்தம்பி: எங்கள் ஊரில் எல்லா ஸ்வீட் கடையிலும் வைத்திருக்கிறார்கள்.

லேப்காரர்: எல்லாக் கடையிலுமா? நேரில் போய்ப் பார்த்தீர்களா?

வெண்பா: பேச்சை மாற்றாதீர்கள். மளிகைக்காரரே, ராத்திரி கடை பூட்டும்போது ஃப்ரிட்ஜ் சுவிட்சைப் படம் எடுத்துப் போடுங்கள்.

மளிகைக்காரன்: 'எல்லாரும்' என்று எழுதியதை முதலில் எடுங்கள். அதுவரைக்கும் படமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அது பவர் கட்.

வெண்பா: அணைக்கிறார்கள்.