18 வயது ஆகப்போகிறது, எனக்கு வேண்டாம் போலிருக்கிறது

வெயில்மழை:
இன்னும் நான்கு மாதத்தில் எனக்கு 18. வீட்டில் யாராவது "இனி நீ பெரிய பெண்" என்று சொன்னாலே வயிற்றைப் பிசைகிறது. நான் சோம்பேறி இல்லை, படிக்கிறேன், வீட்டு வேலையும் செய்கிறேன். ஆனால் கல்லூரிக்கான படிவத்தை நானே நிரப்பி, நானே கையெழுத்துப் போட்டு, அது தப்பாகப் போனால் நானேதான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தால், 12 வயதோடு நின்றுவிட்டிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. போன வாரம் நடுராத்திரியில் அப்பாவும் அம்மாவும் கடன் தவணையைப் பற்றிக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பெரியவர்கள் என்றால் இதுதானா? இதற்குப் போய்ச் சேரவா எங்களை இவ்வளவு அவசரப்படுத்துகிறீர்கள்?

கணக்குப்பிள்ளை66:
கோபித்துக்கொள்ளாதே அம்மா, நேராகவே சொல்கிறேன். இது வசதியால் வருகிற பயம். 17 வயதில் நான் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதப் போனேன். பிடிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, மாதச் சம்பளத்தைக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தேன், அவ்வளவுதான். இப்போது சாப்பிட்ட தட்டைக் கழுவுவதிலிருந்து மருத்துவரிடம் நேரம் வாங்குவது வரை எல்லாவற்றையும் பெற்றவர்களே செய்துவிட்டு, 18 ஆனதும் திடீரென்று "நீ பெரியவன்" என்கிறோம். தண்ணீரில் இறங்காதவனுக்கு நீச்சல் எப்படி வரும்? "பயமாக இருக்கிறதா கண்ணே, சரி, இரு" என்று சொல்வதை அன்பு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

தாழ்வாரம்:
ஐயா, நீங்கள் கடைசியில் சொன்னது சரி, முதலில் சொன்னது சரியில்லை. நீங்கள் 17இல் வேலைக்குப் போனபோது உங்கள் முன்னால் இருந்தது ஒரே பாதை. அது கடினமான பாதைதான், மறுக்கவில்லை, ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்ற பாரம் உங்கள் தலையில் இல்லை. இந்தப் பெண்ணிடம் நூறு பாதையைக் காட்டி, "எதை வேண்டுமானாலும் எடு, தப்பானதை மட்டும் எடுத்துவிடாதே" என்கிறோம். உளவியலாளர் எரிக் எரிக்சன் இந்த வயதைப் பற்றி எழுதும்போது, கடனைத் திருப்பிக் கட்டத் தவணை கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் புழங்கும் "மொரட்டோரியம்" என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். தன்னைத் தேடிக்கொள்ள இளைஞருக்குச் சமூகம் கொடுக்கிற தவணைக் காலம். அப்புறம் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற இன்னொரு உளவியலாளர் 2000இல் ஏறக்குறைய 18 முதல் 25 வரையான வயதைத் தனிப் பருவமாகவே பார்க்க வேண்டும் என்று எழுதினார்.

கணக்குப்பிள்ளை66:
ஒரு பருவத்துக்குப் பெயர் வைத்துவிட்டால் அதிலேயே குடியிருக்கலாம் என்று ஆகிவிடாது. நீங்கள் ஆராய்ச்சி சொன்னதால் நானும் சொல்கிறேன். அமெரிக்காவில் 1976 முதல் 2016 வரை 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரிடம் எடுத்த கருத்தாய்வுகளை ஜீன் ட்வெங்கி, ஹீஜங் பார்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் அலசி 2017இல் வெளியிட்டார்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பது, வண்டி ஓட்டுவது, பெற்றோர் இல்லாமல் வெளியே போவது, எல்லாமே குறைந்திருக்கிறது. இது ஒரு பெண்ணின் மனக்கலக்கம் மட்டும் இல்லை, ஒரு தலைமுறையே வாசற்படியில் நிற்கிறது. தள்ளிவிட ஆள் வேண்டாமா?

தாழ்வாரம்:
அதே ஆய்வில் பதின்வயதினர் குடிப்பதும் பாலுறவு கொள்வதும்கூடக் குறைந்திருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். நல்லதும் கெட்டதும் சேர்ந்து தள்ளிப்போகிறது என்றால், பிள்ளைகள் கெட்டுப்போனார்கள் என்று அர்த்தமில்லை, மெதுவாக வளர்கிறார்கள் என்றுதான் அர்த்தம். தள்ளிவிட ஆள் வேண்டும் என்கிறீர்களே, தள்ளப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்று யாராவது கேட்டோமா?

ஈரமண்:
நான் தள்ளப்பட்டவன், அதனால் சொல்கிறேன். எனக்கு 15 வயதில் அப்பா படுக்கையில் விழுந்தார். தம்பியின் பள்ளிக் கட்டணம், அப்பாவின் மருந்து, வீட்டு வாடகை, எல்லாம் எந்தத் தேதியில் வரும் என்று இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். உறவினர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளிடம் என்னைக் காட்டி "இவனைப் பார், எவ்வளவு பொறுப்பு" என்பார்கள். அந்தப் பிள்ளைகள் அப்போது பந்து விளையாடப் போய்க்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை ஐயா, பொறுப்பு வந்ததும் பயம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். இப்போது எனக்கு 29, யாரிடமும் ஓர் உதவி கேட்க வாய் வராது, கேட்டால் எல்லாம் சரிந்துவிடும் போல இருக்கும். என்னை யாருக்கும் உதாரணமாகக் காட்ட வேண்டாம்.

ஆனால் தங்கையிடம் ஒன்று சொல்ல வேண்டும். முதல் முறை மருத்துவமனையில் பணம் கட்டும் இடத்துக்கு என்னோடு சித்தப்பா வந்தார். கட்டணத்தில் ஏதோ கூடுதலாகப் போட்டிருந்தார்கள். அவர் பேசியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் வாயே திறக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் திக்கித் திணறிக் கேட்டேன், அவர்கள் கணக்கைத் திருத்தினார்கள். அடுத்த வாரம் தனியாகப் போனேன். அந்த ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று தெரியவில்லை.

தாழ்வாரம்:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. வெயில்மழை, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். லாரன்ஸ் ஸ்டைன்பர்க் போன்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வுகளின்படி, அவசரம் இல்லாமல் அமைதியாக யோசித்து முடிவெடுக்கும் திறன் 16 வயது வாக்கிலேயே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. உணர்ச்சி கொந்தளிக்கும்போதும் கூட்டாளிகள் சூழ்ந்திருக்கும்போதும் தன்னைப் பிடித்து நிறுத்துவதுதான் இருபதுகளில் மெல்ல வருகிறது. படிவம் முதல் வகை, உன்னால் முடியும்.

கணக்குப்பிள்ளை66:
தம்பி, உன் அனுபவத்துக்கு முன்னால் என் வாதத்தை நீட்ட மனம் வரவில்லை. நான் கணக்கெழுதப் போன முதல் மாதம் எந்த இரவும் ஒழுங்காகத் தூங்கவில்லை, ஒரு வரி தப்பினால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். இதை என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. ஆனாலும் ஒன்றில் மாறமாட்டேன். பயம் போன பிறகு இறங்கலாம் என்று காத்திருந்தால் அது போகவே போகாது. பக்கத்தில் உட்காருங்கள், சரி, ஒரு முறை உட்காருங்கள். பத்து முறை உட்கார்ந்தால் அப்புறம் அவர்களாக எழுந்திருக்க மாட்டார்கள்.

தாழ்வாரம்:
சிலருக்கு ஒன்று போதும், சிலருக்குப் பத்து வேண்டும். அதை உட்காருகிறவர் முடிவு செய்யக் கூடாது.

வெயில்மழை:
எல்லோருடையதையும் இரண்டு முறை படித்தேன். ஈரமண் அண்ணா, நன்றி. எழுதும்போது எனக்கே தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது. எனக்குப் படிவத்தைவிட அப்பாவைப் பார்த்துத்தான் பயம். நான் பெரியவளானால் அவர் வயதானவர் ஆகிவிடுவார், நான் சின்னவளாகவே இருந்தால் அவரும் அப்படியே இருப்பார் என்று மனசு ஏதோ கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. நேற்று அவரிடமே தவணை எவ்வளவு என்று கேட்டேன். முதலில் "உனக்கு எதற்கு" என்றார், அப்புறம் நோட்டை எடுத்துக் காட்டினார். இன்னும் 14 மாதம் இருக்கிறது, அவ்வளவுதான், நான் இதைவிடப் பெரிதாக நினைத்திருந்தேன்.

இன்று இரவு படிவத்தோடு உட்காரப் போகிறேன். அப்பாவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறேன், நான் கேட்காமல் எதுவும் பேசக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். எத்தனை முறை என்று இன்னும் முடிவு செய்யவில்லை.