கடலோரச் சமுதாய வானொலி: 50 வாட் எதுவரை எட்டும்?

வாலிநோக்கம்_வலை:
பாம்பன் 'கடல் ஓசை' 90.4 போல எங்கள் பக்கமும் ஒன்று தொடங்கலாம் என்று அறக்கட்டளையில் பேச்சு. இந்தச் சிறு நிலையங்கள் எல்லாம் ஏன் 50 வாட்டிலேயே நிற்கின்றன? படகுக்கு எத்தனை கிலோமீட்டர் கேட்கும்? உப்புக்காற்றில் முதலில் கெடுவது எது?

அலைநீளம்:
வாட் கணக்கு விதியில் இருப்பது. 1995-இல் அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006 கடைசியில்தான் வழி பிறந்தது, 2008-இல் இன்றைய தெலங்கானாவின் மாச்னூரில் சங்கம் ரேடியோ. கடல் ஓசை 2016. ட்ரான்ஸ்மிட்டர் 50 வாட், ஆண்டெனா பெருக்கத்தோடு சேர்த்து 100 வாட், உயரம் 30 மீட்டர்: இதுதான் வரம்பு. உங்கள் அறக்கட்டளை பதிவாகி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

தென்கடல்_டெக்:
30 மீட்டர் கோபுரத்திலிருந்து படகில் 2 மீட்டர் உயர ரேடியோவுக்கு நேர்பார்வை எல்லை சுமார் 28 கி.மீ. சின்ன செட்டில் 10–15 கி.மீ.க்கு மேல் நம்ப வேண்டாம். கடல்மேல் காற்றடுக்கின் வெப்பநிலை தலைகீழாகும் (கீழே குளிர், மேலே சூடு) நாட்களில் இலங்கை நிலையங்கள் அதே அலைவரிசையில் ஏறி உங்களை அமுக்கிவிடும்; அதற்கு ட்ரான்ஸ்மிட்டரைப் பிரித்து மேய்ந்து பயனில்லை.

காசைக் கேபிளில் போடுங்கள். 40 மீட்டருக்கு ஆர்.ஜி.213 என்ற சாதா கேபிள் போட்டால் 50 வாட்டில் மேலே ஆண்டெனாவுக்குப் போய்ச் சேருவது 26 வாட் அளவுதான். அரை இஞ்ச் ஃபோம் கேபிளில் 40 கிடைக்கும்.

முதலில் போவது ஆண்டெனா அடியில் இருக்கும் கனெக்டர். கனெக்டரை முறுக்கியபின் தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து, பாதிக்குப் பாதி மேலேறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பிலும் மழைநீர் தங்கும். அதன்மேல் வினைல் டேப். புளித்த காடி வாடை வரும் சிலிக்கான் செம்பை அரிக்கும், நியூட்ரல் வகை வாங்குங்கள். கேபிள் அறைக்குள் நுழையுமிடத்தில் ஒரு தொங்கல் விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

ஆண்டெனா ஏற்காமல் திரும்பி வரும் திறனை வாரம் ஒருமுறை குறியுங்கள். 50-க்கு 2 வாட் என்றால் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5. அதைத் தாண்டினால் கோபுரம் ஏற ஆள் கூப்பிடுங்கள். காலையில் கூடி மதியம் இறங்கினால் உள்ளே ஈரம். இதை விட்டுவைத்தால் ட்ரான்ஸ்மிட்டர் தானே திறனைக் குறைத்துக்கொள்ளும். ஒலி குறையாது, இரைச்சல்தான் ஏறும், நேயர்கள் 'கரகரக்குது' என்பார்கள்.

கடல்பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டவே வேண்டாம். ஃபேன் இழுக்கும் உப்பில் போர்டு பச்சை பூத்துவிடும். மூடிய அறை, ஏசி.

அலைநீளம்:
இன்னொன்று, சொந்தச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே மறுஒலிபரப்புச் செய்யலாம். வானிலை அறிவிப்பு இந்தத் தடையில் வராது. ஆகவே இன்காயிஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) தரும் அலை உயரம், காற்று வேகத்தை அதிகாலையில் படகு இறங்கும் முன்னே சொல்லுங்கள். பாம்பனில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்), தென்கடல் (மன்னார் வளைகுடா) இரண்டுக்கும் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தென்கடல் ஒன்றுதான், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அறிவிப்புக்கு வேலை அதிகம்.