பழைய பாத்ரூமில் கட்டி வைத்த தொட்டி, கிளாசெட், குழாய்: எடுத்தவர்களின் அனுபவம்

எங்கள் வீடு மதுரையில், 1970களில் தாத்தா கட்டியது. குளியலறையில் ஒரு சுவர் நெடுக செங்கல் தொட்டி, அதற்கு மேல் கடப்பாக் கல் தட்டு, மூலையில் துவைக்கிற கல். அம்மாவுக்கு முட்டி வலி வந்த பிறகு அதற்குள் திரும்பி நிற்கவே சிரமம். ஷவரும் கைப்பிடியும் வைக்க வேண்டுமென்றால் தொட்டி போயே ஆக வேண்டும்.

முதலில் பார்க்க வந்தவர், "நாலு அடி அடிச்சா வந்துடும், மதியத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் மேஸ்திரி அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சுவரைச் சுத்தியல் காம்பால் தட்டித் தட்டிப் பார்த்தார். "இது நாலரை இஞ்ச் சுவர் தம்பி. அந்தப் பக்கம் சமையல்கட்டு. சம்மட்டி போட்டா அங்க டைல்ஸ் கொட்டும், சுவரே ஆடிப் போகும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. தொட்டியின் மேல் வரிசைக் கல்லை எடுத்ததும் தெரிந்தது: செங்கற்களைச் சுவருக்குள் பல் விட்டுக் கட்டியிருந்தார்கள். அடித்துப் பிடுங்கினால் சுவர்க் கல்லும் சேர்ந்து வந்திருக்கும்.

அவர் செய்த முறையை அப்படியே சொல்கிறேன். தொட்டியும் சுவரும் சேரும் கோட்டில் கட்டிங் மெஷினால் மேலிருந்து கீழாக அறுத்துவிட்டார். அதனால் உளி அடிக்கும் அதிர்வு சுவருக்கு அதிகம் போகவில்லை. பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கல்லை எடுத்தார். சுவருக்குள் போயிருந்த பல்லைப் பிடுங்காமல் மட்டமாக வெட்டி, அதன் மேலேயே பூசிவிட்டார். சமையலறைப் பக்கம் ஒரு டைல்கூட அசையவில்லை.

எனக்கு உண்மையில் அதிர்ச்சி கொடுத்தது குழாய்தான். தொட்டிக்குத் தண்ணீர் வந்த பழைய ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, அறுத்துக் காட்டினார். பெயருக்கு முக்கால் இஞ்ச் பைப். உள்ளே செம்பழுப்பாகத் துரு கட்டி கட்டியாகப் படிந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை. மேல்தொட்டியைச் சுத்தம் செய்தும் தண்ணீர் ஏன் சொட்டுச் சொட்டாக வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பழைய ஜிஐ வைத்திருப்பவர்கள் புது டேப்பை மட்டும் மாற்றி டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள். சுவர் திறந்திருக்கும்போதே லைனையும் மாற்றிவிடுங்கள், வெந்நீருக்குச் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்) போட்டு. பைப் ரெஞ்சை மாட்டித் திருகும் முன் எல்போ (குழாய் திரும்பும் மூட்டு) தெரியும் அளவுக்குச் சுவரைத் திறந்துகொள்ள வேண்டும். துருப்பிடித்த எல்போ சுவருக்குள்ளேயே உடைந்தால் வேலை இரட்டிப்பாகும்.

அப்புறம், கீசர் லைன். மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே உளி தொட்டது. பழைய வீட்டில் வயர் எந்தப் பக்கம் போகிறது என்று யாருக்கும் நினைவிருக்காது.

*

அண்ணா, நீங்கள் எழுதியது தனி வீட்டுக்கதை. நான் சென்னையில் இரண்டாம் மாடி ஃபிளாட். இண்டியன் கிளாசெட்டை எடுத்து வெஸ்டர்ன் வைத்தோம். மாமியாரால் உட்கார்ந்து எழ முடியவில்லை.

எங்கள் பாத்ரூம் தரை பள்ளமான ஸ்லாபின் மேல் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியது. கிளாசெட்டின் பீங்கான் பேனைச் சுற்றி வெட்டி எடுத்தபோது அந்த ஜல்லி முழுக்க ஈரம், ஒரே நாற்றம். கீழ்வீட்டு அக்கா பல வருடமாக "எங்க சீலிங் ஊறுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், யாரும் காதில் வாங்கவில்லை. மேலே டைல் இடுக்கில் ஒயிட் சிமெண்ட் பூசிப் பூசிச் சமாளித்திருக்கிறோம். கசிவு கீழே டிராப் (பேனுக்கு அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைந்த குழாய்) ஜாயிண்ட்டில் இருந்திருக்கிறது.

கிளாசெட்டை எடுத்த உடனே குழாய் வாயைச் சாக்கால் இறுக்கி அடைத்து மேலே பலகை போடச் சொன்னேன். ஒரு கல் உள்ளே விழுந்து லைன் அடைத்தால் மொத்த அடுக்கும் திண்டாடும். நிரப்பியதை முழுக்க அள்ளி, வாட்டர் புரூஃபிங் அடித்து, தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டுப் பார்த்தோம். கீழ்வீட்டு அக்காவையே கூப்பிட்டு அவர் சீலிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஈரமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் டைல்ஸ்.

இன்னொன்று, கடைக்குப் போகும் முன் உங்கள் லைன் எஸ் டிராப்பா (கழிவு தரை வழியாகப் போவது) பி டிராப்பா (சுவர் வழியாகப் போவது) என்று பாருங்கள். எஸ் டிராப் என்றால் டைல் ஒட்டி முடித்த சுவரிலிருந்து குழாய் நடுப்புள்ளி எத்தனை இஞ்ச் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நாலு இஞ்ச், ஒன்பது இஞ்ச், பன்னிரண்டு இஞ்ச் என்று தனித்தனியாக வருகிறது. அழகைப் பார்த்து வாங்கி வந்தால் பொருந்தாது.

*

அக்கா, சீலிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னது நல்ல வேலை. எங்கள் குடியிருப்பிலும் இதே சண்டைதான் ஓடுகிறது, காட்டுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். இடிபாட்டை எங்கே போட்டீர்கள்? எங்கள் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக மழைநீர் வாய்க்கால் ஓரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். மழை வந்தால் நம் வாசலில்தான் தண்ணீர் நிற்கிறது.

*

தம்பி, வாய்க்கால் ஓரம் கொட்டவே கூடாது. கட்டட இடிபாட்டைத் தனியாகக் கையாள 2016இலேயே மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சென்னை மாநகராட்சிக்கு 1913இல் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். நாங்கள் மூட்டை கட்டும்போதே பீங்கானைத் தனியாக வைத்தோம். உடைந்த பேன் விளிம்பு கத்தி மாதிரி கிழிக்கும், தூக்குகிறவர் கைக்குக் கனமான உறை வாங்கிக் கொடுங்கள். பித்தளை டேப்பையும் ஜிஐ பைப்பையும் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் காசை நாங்கள் மூட்டை சுமந்தவர்களுக்கே கொடுத்துவிட்டோம்.