ஓண வாரத்துப் பூசணிக்காய்

செங்கோட்டையிலிருந்து:

செய்தி வறண்ட விடுமுறை நாட்களில் அரசியல்வாதிகள் படத்துக்காகவே செய்தி உண்டாக்குவது பற்றி, ஒரு நாளிதழுக்குப் பல ஆண்டுகள் பகுதி நேரச் செய்தியாளராக இருந்தவன் என்ற முறையில் என் பங்கைச் சொல்கிறேன். ஓண வாரத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் அலுவலகங்களும் பள்ளிகளும் மூடிக் கிடக்கும். ஆனால் மாவட்டப் பக்கத்தை அன்றாடம் நிரப்பியாக வேண்டும் என்பது எங்களைவிட அரசியல்வாதிகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஓர் ஆண்டு, திருவோணத்துக்கு இரண்டு நாள் முன்பு விடியற்காலையில் உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் அழைத்து, "தம்பி, புளியரைக்கு வந்திருங்க, பெரிய செய்தி இருக்கு" என்றார். "என்ன செய்தி அண்ணாச்சி?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார். கேரள எல்லையோரத்தில் உள்ள புளியரைக்குப் போய்ப் பார்த்தால், பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து புனலூருக்குப் போகும் காய்கறி லாரியைச் சோதனைச் சாவடியருகே ஓரங்கட்டி, தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லி, ஒரு வெள்ளைப் பூசணியைத் தூக்கிக்கொண்டு, கேரளத்திற்குக் காய்கறி தடையின்றிச் செல்கிறதா என்று ஆய்வு செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு அங்கே இருந்த ஒரே தடை அவர்தான். முதல் படத்தில் கண் மூடிவிட்டதால் பூசணி மறுபடியும் உயர்ந்தது. ஓட்டுநர் கயிற்றைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, வெயில் ஏறுவதைப் பார்த்தபடி நின்றார்.

முந்தைய இரவு எஸ் வளைவில் லாரி சிக்கி மலைப்பாதை அடைபட்டதையும் அன்றே எழுதி அனுப்பியிருந்தேன். அது நான்கு வரியாக வந்தது. பூசணி மூன்று பத்தி அகலத்தில் வந்தது. அந்தப் படத்தை அனுப்பாமல் இருந்திருக்கலாம். படத்துக்கு அறுபது ரூபாய் என்பதால் அனுப்பினேன்.

தோவாளையிலிருந்து:

பிரிட்டனில் இப்படிச் செய்தி வறண்ட காலத்துக்குப் பெயரே உண்டு. அங்கே நாடாளுமன்றம் ஜூலை இறுதிவாக்கில் கோடை விடுமுறைக்குப் பிரிந்தால் செப்டம்பரில்தான் கூடும். அந்த இடைவெளியில் அற்பச் செய்திகள் பெருகுவதை 1861 முதலே 'அசட்டுப் பருவம்' என்று சொல்லிவருகிறார்கள். ஜெர்மானியர்களுக்கு அது 'ஊறுகாய் வெள்ளரிக் காலம்'. பெரும்பாலும் அதே மாதங்களில்தான் எங்கள் பூச்சந்தையில் ஓணக் கொண்டாட்டத்தின் முதல் நாளான அத்தம் தொடங்கி வாடாமல்லியும் கேந்தியும் மூட்டை மூட்டையாகத் திருவனந்தபுரத்துக்கு ஏறும். ஆண்டுதோறும் ஒரு பிரமுகர் வந்து, பூ விலையேற்றம் குறித்துக் கவலை தெரிவித்து, ஒரு முழம் பிச்சியுடன் படம் எடுத்துக்கொண்டு போவார். சென்ற முறை படத்துக்காகத் தராசை ஒதுக்கி வைக்க நேர்ந்த பூக்கார அம்மா, என்னிடம் மெல்லக் கேட்டார்: "போன வருசப் படத்தையே போட்டிருக்கலாமே தம்பி, அதே சட்டைதானே?"