மூணாறா, நெடும்பாசேரியா? மூணு நாள் கோல்ஃப், நல்ல சாப்பாடு, ஒயின்: திட்டம் சரியா இருக்கா?

வேலந்தாவளத்தான்:
பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து நாலு பேர் கிளம்புறோம். மூணு பகல், ரெண்டு ராத்திரி, ஒரே இன்னோவா. ரெண்டு பேருக்கு ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டுற எண்) 18, மத்த ரெண்டு பேர் கோல்ஃப் பழகி ஒரு வருஷம் ஆகுது. ஒருத்தர் சைவம்.

போட்டு வெச்ச திட்டம் இது: முதல் நாள் காலைல கோவை செட்டிபாளையத்துல 18 குழி. முடிச்சதும் கோவையிலேயே ஒயின் வாங்கிட்டு உடுமலை, சின்னாறு வழியா மூணாறு. ரெண்டாம் நாள் அங்கே 9 குழி. மூணாம் நாள் இறங்கி, கொச்சி விமான நிலையம் இருக்கிற நெடும்பாசேரியில ஒரு ரவுண்டு, ராத்திரி வீடு. ஜனவரியா பிப்ரவரியான்னு இன்னும் முடிவாகலை. எங்கெங்க இடிக்கும்னு சொல்லுங்க.

மெட்டுவழி:
முதல் நாளே இடிக்குதுங்க. புதுசா ஆடறவங்க ரெண்டு பேர் இருக்கிற நாலு பேர் குழுவுக்கு 18 குழி அஞ்சு மணி நேரத்துக்குக் குறையாது. ஆறரைக்கு முதல் அடி அடிச்சாலும் பன்னண்டு ஆயிடும். குளிச்சு, சாப்பிட்டு, வண்டி நகர மணி ஒண்ணரை. அங்கிருந்து உடுமலை, அதுக்கு மேல மூணாறுக்கு 85 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒன்பதாறு செக்போஸ்டுல இருந்து சின்னாறு தாண்டுற வரைக்கும் புலிகள் காப்பகமும் சரணாலயமும்தான். சாயங்காலம் 6 மணிக்கு மேல விடமாட்டாங்க. ஒரு பஞ்சர் ஆனா உடுமலையிலதான் படுக்கணும். யானை குறுக்கே நின்னா ஹாரன் அடிக்காம காத்திருக்கறதைத் தவிர வழியில்லை, அந்த நேரத்தையும் கணக்குல சேருங்க.

மூணாம் நாளும் அதே கதை. மூணாறுல இருந்து நெடும்பாசேரி சுமார் 110 கிலோமீட்டர்தான், ஆனா அடிமாலி, நேரியமங்கலம் வழியா இறங்க நாலு மணி நேரம் வேணும். போய்ச் சேர்றப்போ உச்சி வெயில், கடலோரப் புழுக்கம். அதுல யாரும் ஒழுங்கா ஆட முடியாது.

மூணு மைதானமும் வேண்டாம், ரெண்டோ ஒண்ணோ போதும். கோல்ஃப்தான் முக்கியம்னா செட்டிபாளையமும் நெடும்பாசேரியும். ரெண்டும் சமதளம், நடுவுல நாலுவழிச் சாலை. குளிரும் சாப்பாடும்தான் முக்கியம்னா மூணாறு மட்டும், ரெண்டு ராத்திரியும் அங்கேயே. என் ஓட்டு ரெண்டாவதுக்கு. 9 குழியை ரெண்டு தடவை சுத்தினா 18 ஆச்சு, இரண்டாம் சுத்துல டீயை (முதல் அடி அடிக்கிற இடத்தை) மாத்தி ஆடினா வேற மைதானம் மாதிரியே இருக்கும்.

ஒன்பதாம்குழி:
ரூம் போடறதுக்கு முன்னாடி அனுமதியைப் பாருங்க. இந்தப் பக்கத்து மைதானங்கள்ல பாதிக்கு மேல உறுப்பினர் கிளப். மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பே தேயிலைத் தோட்ட துரைங்க காலத்தது. அந்த மலையில 30 வருஷம் காலம் தள்ளினவங்களோட தொப்பிகள் இன்னும் அந்த பார் சுவத்துல தொங்குது. நேரா போய்க் கதவைத் தட்டினா நடக்காது. உங்க கிளப் செயலாளர்கிட்ட அஃபிலியேஷன் (கிளப் இணைப்பு) கடிதமும் ஹேண்டிகேப் சான்றும் வாங்கி, ரெண்டு வாரம் முன்னாடியே அனுப்பி, பதில் வந்த பிறகு ரூம் போடுங்க. சனி, ஞாயிறுல உறுப்பினர் போட்டி இருந்தா விருந்தாளிக்கு ஆட்டம் தொடங்குற நேரம் (டீ டைம்) மத்தியானத்துக்கு மேலதான். திங்கள் பல இடத்துல பராமரிப்பு விடுமுறை. காலர் வெச்ச சட்டை கட்டாயம், ஜீன்ஸ் கூடாது. பை தூக்கிட்டு வர்ற கேடிக்கு ரொக்கம் வெச்சுக்குங்க.

இன்னோவாவுல நாலு பேருக்கு நாலு பெரிய பை வேண்டாம். பின்சீட்டை மடிச்சாலும் பெட்டியோட சேர்த்தா பிதுங்கும். மூணாறுக்கு ஆளுக்கு அரை செட் மட்டை போதும்: டிரைவர் அல்லது 3 வுட், ஹைப்ரிட், 6, 8, பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். ஏத்த இறக்கத்துல தூக்கற கேடிக்கும் அதுதான் நல்லது.

உயரத்துக்கும் கணக்கு இருக்கு. உயரத்தை அடிக்கணக்குல எடுத்து 0.00116 ஆல பெருக்கினா, பந்து எத்தனை சதவீதம் கூடப் போகும்னு தோராயமா வரும். மூணாறு 5,000 அடின்னா ஆறு சதவீதம். கீழே 7 அயன் மட்டையால 150 கெஜம் போற பந்து அங்கே 158, 159. ஆனா விடிகாலைக் குளிர்ல பந்து விறைச்சு, கூடின தூரத்துல கொஞ்சத்தைத் திருப்பி வாங்கிடும். அதனால ராத்திரி பந்தை வண்டியில விடாம ரூமுக்குள்ள வைங்க.

ஜனவரியில போனா இன்னொண்ணு: சில நாள் விடிகாலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி படியும். அந்த நேரம் கிரீன்ல (குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின புல்தரையில) கால் வெச்சா புல்லுக்குள்ள உறைஞ்ச தண்ணி இதழை உடைச்சிடும். மறுநாள் காலடி வடிவத்துல பழுப்பா தெரியும், யார் போனதுன்னு தடம் பார்த்தே சொல்லிடலாம். எட்டரை வரைக்கும் பொறுங்க. பிப்ரவரி கடைசின்னா இந்தத் தொல்லை குறைவு. புல் காய்ஞ்சு பந்தும் நல்லா உருளும்.

கள்ளும்திராட்சையும்:
கோவையில ஒயின் வாங்கற யோசனையை முதல்ல விடுங்க. தமிழ்நாட்டுப் பாட்டில் சின்னாறு தாண்டினா கேரளத்துக் கணக்குல வரி கட்டாத சரக்கு. கலால்காரங்க நிறுத்தினா ரெண்டு பாட்டிலுக்காக வண்டியே போகலாம். கேரளத்துல இறங்கின பிறகு பெவ்கோவுல (கேரள அரசு மதுக்கடையில) வாங்குங்க, பில்லைப் பத்திரமா வைங்க. ஒரு ஆள் 3.5 லிட்டர் வரைக்கும் ஒயின் வெச்சுக்கலாம். வயசு 23 ஆகியிருக்கணும். ஒரு பாட்டில் 750 மில்லி, அதாவது 150 மில்லி கிளாஸ் அஞ்சு. நாலு பேர், ஆளுக்கு ரெண்டு கிளாஸ், ரெண்டு ராத்திரி: நாலு பாட்டில் தாராளம்.

பாட்டிலை வண்டியில போட்டுட்டு ஆடப் போகாதீங்க. பூட்டின வண்டி வெயில்ல அடுப்பு மாதிரி. ஒயின் வெந்து, தக்கை மேல தள்ளி, ஜாம் வாசனை வந்துடும். தெர்மோகோல் பெட்டி போதும்.

எதோட எதுங்கிறதுல பலபேர் சறுக்கறது காரம். கனமான சிவப்பு ஒயின்ல துவர்ப்பும் ஆல்கஹாலும் அதிகம், ரெண்டும் மிளகாய் எரிச்சலைத் தூக்கிவிடும். குடம்புளி போட்ட மீன் கறியோட ஷிராஸ்ங்கிற சிவப்பு ஒயின் குடிச்சா வாயில இரும்பு சுவை அடிக்கும். அதுக்கு லேசா இனிப்புள்ள ஷெனின் பிளாங்க்ங்கிற வெள்ளை ஒயினோ, ரோஸேங்கிற இளஞ்சிவப்பு ஒயினோ எடுங்க. ஆப்பம், ஸ்டியூவுக்கும் சைவருக்கான ஓலனுக்கும் (பூசணிக்காய், தேங்காய்ப்பால் கூட்டு) அதே ஷெனின், ஏன்னா தேங்காய்ப்பாலோட வழவழப்பை அதோட புளிப்பு வெட்டும். கரிமீன் பொள்ளிச்சதுக்கு (வாழையிலையில சுட்ட மீன்) சாவிஞான் பிளாங்க்ங்கிற வெள்ளை ஒயின். சிவப்பைத் தேங்காய்க் கொத்து போட்டு வறட்டின பீஃபுக்கு வைங்க, அதுவும் மிளகு காரமா இருந்தா மட்டும், பச்சைமிளகாய்க் காரம்னா வேண்டாம்.

வெள்ளை ஒயினை 8-10 டிகிரிக்குக் குளிரவைங்க. வெறும் ஐஸ் போட்டா நடுவுல காத்து நின்னு நேரமாகும். பாதி ஐஸ், பாதி தண்ணி, ஒரு கை உப்பு: கால் மணி நேரத்துல தயார். சிவப்பை 'ரூம் வெப்பத்துல' குடிக்கணும்கிறது சீமைக்குப் பொருந்தும். பாலக்காட்டு ரூம் 30 டிகிரி, அதனால பிரிஜ்ஜுல அரை மணி நேரம் வைங்க. மூணாறு ராத்திரிக்கு அது தேவையில்லை.

லைசென்ஸ் இல்லாத ஓட்டல்ல சொந்த பாட்டிலைத் திறக்காதீங்க. ரூம்ல திறக்கலாமான்னு முன்னாடியே கேளுங்க.

ஒரு ஓரக்குறிப்பு: பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்துக்காரர் நீங்க ஒயினைத் தேடி அலையறது வேடிக்கைதான். கேரளத்துக்கே கள்ளு போறது உங்க ஊர்ல இருந்து. காலைல இறக்கினது இனிக்கும், சாயங்காலம் புளிச்சு ஏறும். கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மீனும் கூட இருந்தா எந்த ஷெனினும் தோத்துப்போகும்.

வேலந்தாவளத்தான்:
எல்லாருக்கும் நன்றிங்க. செட்டிபாளையத்தையும் நெடும்பாசேரியையும் விட்டாச்சு, மூணாறு மட்டும். பிப்ரவரி 27, 28, மார்ச் 1. கடைசி நாள் காலைல ஒன்பது குழி ஆடிட்டு, மத்தியானம் ஒயினோட நல்ல விருந்து, அப்புறம் இறக்கம். ஓட்டறவர் குடிக்க மாட்டார்.

மெட்டுவழி:
போற வழியில பாலக்காடு பக்கத்து ராமசேரி இட்லிக்கு ஆசைப்படாதீங்க, அது எதிர்த்திசை. மண்சட்டி மேல வலை கட்டி, துணி போட்டு வேகவைக்கிற அந்தத் தட்டை இட்லியை வேற ஒரு நாளைக்கு வெச்சுக்குங்க. மத்தியானம் சாப்பிட்டு ரெண்டு மணிக்குள்ள மூணாறை விட்டா சின்னாறு தாண்டிடலாம். மறையூர்ல வெல்லம் வாங்க நிறுத்தினா பத்து நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்.

கள்ளும்திராட்சையும்:
மார்ச் 1-ங்கிறீங்களே. கேரளத்துல மாசம் பொறந்த முதல் தேதி டிரை டே. கடையும் பாரும் திறக்காது. ஒயின் விருந்தை 28 ராத்திரிக்கு மாத்துங்க, பாட்டில் எல்லாத்தையும் 27-ஆம் தேதியே வாங்கிடுங்க. 28-ஆம் தேதி சாயங்காலம் கடை வாசல்ல வரிசை ரோட்டைத் தொடும்.