புதுப்பிப்பு: கடைசியில் 8×42 பைனாகுலர் வாங்கிவிட்டேன்

வேடந்தாங்கலில் பறவை பார்க்க 10×50 பைனாகுலரா, 8×42-ஆ, இல்லை பாக்கெட்டில் போடும் ஒற்றைக்குழாய் மோனாகுலரா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

8×42 வாங்கினேன் (8 மடங்கு பெரிதாகக் காட்டும்; முன் லென்ஸின் அகலம் 42 மி.மீ.). முதலில் வந்ததில் இரண்டு குழாயும் ஒரே திசையைப் பார்க்கவில்லை. ஒரு கொக்கு இரண்டாகத் தெரிந்தது! ஐந்து நிமிடத்தில் தலைவலி. திருப்பி அனுப்பி வேறு வாங்கினேன். அதனால் வந்த அன்றே தூரத்துக் கம்பத்தைப் பார்த்துச் சோதித்துவிடுங்கள்.

விடியற்காலை ஏரிக்கரையில்தான் வித்தியாசம் புரிந்தது. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் அது; அகலம் கூடினால் மங்கலான வெளிச்சத்திலும் நன்றாகத் தெரியும். நண்பரின் 10×25-இல் வெறும் 2.5. அவருக்குக் கருப்பு உருவமாகத் தெரிந்த நத்தை குத்தி நாரையின் அலகு இடைவெளி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. 10 மடங்கில் கை நடுக்கமும் கூடவே பெரிதாகிறது.

கண்ணாடி போடுபவர்களுக்கு: கண் வைக்கும் பக்கத்தில் உள்ள வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். இது தெரியாமல் முதல் நாள் பாதிக் காட்சியைத்தான் பார்த்தேன்.

மோனாகுலர்? அரை மணி ஒற்றைக் கண்ணால் பார்க்க என்னால் முடியவில்லை. மலையேற்றத்துக்கு எடுத்துப்போகலாம், சரி.